பெற்றோல் தீர்ந்தபோது நிறைந்த சைக்கிள் தரிப்பிடம்: எழுவான்கரைப் பாடசாலையொன்றின் நிகழ்வு ஆய்வு

2022 ஜூன் 26ஆம் திகதி இலங்கையில் ஒக்டேன் 92 பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. மூடிக் கிடந்த பாடசாலைகள் ஜூலை 25 முதல் கிழமைக்கு 3 நாட்கள் என்ற ஒழுங்கில் திறக்கப்பட்ட வேளையில், ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்ற கியூஆர் பங்கீட்டு முறையும் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த 4 லீற்றரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதா, வயலுக்குப் போவதா, பிள்ளையைப் பாடசாலையில் கொண்டுபோய் விடுவதா என்று மட்டக்களப்பு மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தக் கணக்கில் முதலில் வெட்டுப்பட்டது பெரும்பாலும் பிள்ளையின் பயணந்தான்.

இவ்வாய்வு எடுத்துக்கொண்ட பாடசாலை, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை எனப்படும் கடலோரப் பக்கத்தில், ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடைப்பட்ட கிராமமொன்றில், தரம் 1 முதல் 11 வரை நடைபெறும் கலவன் பாடசாலை ஆகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவன் என்ற வகையில் இங்கு சொல்லப்படுவனவற்றை நேரில் பார்த்தவன் நான். 2022இன் பிற்பகுதியில், குசினி மூலையிலும் மாட்டுக் கொட்டிலிலும் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் இறக்கப்பட்டு, டியூப் மாற்றி, எண்ணெய் விட்டுப் பாடசாலைக்கு வரத் தொடங்கின. பல ஆண்டுகளாக உடைந்த கதிரை மேசைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த சைக்கிள் தரிப்பிடத்தை அதிபர் ஒரே நாளில் ஒதுக்கிக் கொடுக்க நேர்ந்தது. ஆனால் 2023 செப்டெம்பரில் எரிபொருள் பங்கீடு நீக்கப்படும் முன்னரே அந்தச் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. அவ்வாண்டு முடியும்போது தரிப்பிடத்துக்குள் கதிரை மேசைகள் திரும்பி வந்திருந்தன.

பிள்ளைகள் சைக்கிளில் வந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வந்து பழகிய பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்பதே ஆராய வேண்டியதாக இருந்தது. தூரம், வெயில், பிள்ளைகளின் சோம்பல் என்று கூட்டங்களில் வழமையாகச் சொல்லப்படும் மூன்று காரணங்களில் தூரமும் சோம்பலும் விசாரித்துப் பார்த்தபோது நிற்கவில்லை. வெயில் ஓரளவுக்கு நின்றது. உண்மையான தடை பாடசாலை வாசலிலும், அதற்கு முன்னாலுள்ள பிரதான வீதியைக் கடக்கும் இடத்திலும், வீட்டுக்கு விடும் நேரத்தில் அங்கு நிலவிய ஒழுங்கிலும் இருந்தது.

ஊரின் அமைப்பும் தூரமும்

எழுவான்கரையின் நில அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆரையம்பதியிலிருந்து தெற்கே கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை எனக் கல்லாறு வரை நீளும் ஊர்கள் எல்லாம் கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் அமைந்தவை. அந்த நிலத்தின் நடுவே வடக்குத் தெற்காகக் கல்முனை வீதி போகிறது. குறுக்கு வீதிகள் கடற்கரையிலிருந்து வாவிக்கரைக்கு ஓடுகின்றன. இத்தகைய ஊரில் எந்த வீட்டிலிருந்தும் பாடசாலை வெகு தொலைவில் இருக்க முடியாது. ஒரு கிலோமீற்றரைப் பிள்ளையொன்று 15 நிமிடத்தில் நடந்துவிடும். சைக்கிளில் 5 அல்லது 6 நிமிடம். 5 முதல் 17 வயதுக்குட்பட்டவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் களைக்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு கிலோமீற்றர் தூரத்திலிருந்து விறுவிறென்று நடந்து வந்து நடந்து போகும் பிள்ளை அதில் பாதியை வேறெந்த விளையாட்டும் இல்லாமலே முடித்துவிடுகிறது.

ஆனால் இதே அமைப்பு இன்னொன்றையும் விதித்துவிடுகிறது. பாடசாலை வீதியின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும், மறுபக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் நாளுக்கு இரண்டு தடவை நெடுஞ்சாலையைக் கடந்தே ஆக வேண்டும். வீதி குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் அது பெரிய காரியமாக இருக்கவில்லை. கார்பெட் போட்ட பிறகு கொழும்புக்குப் போகும் பஸ்ஸும் மணல் ஏற்றிய டிப்பரும் ஊருக்குள் வேகம் குறைப்பதில்லை. குடியிருப்புப் பகுதிகளில் கார்களுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது சட்டம். 2020இல் ஸ்டொக்ஹோம் பிரகடனம், நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்சமாக இருக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது. சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 வீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வரும் வாகனத்தின் வேகத்தைச் சரியாக மட்டிடும் ஆற்றல் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாவிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகளை வீதி கடந்து அனுப்பும் கடற்கரைப் பக்கத்துத் தாய்மாரின் பயத்தை வீண்பயம் என்று தள்ளிவிட முடியாது.

பிள்ளைகள் வரைந்த படம்

2024இல் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் அதிபரும் இதைக் கையில் எடுத்தபோது முதலில் செய்த வேலை, தரம் 9 மாணவர்களைக் கொண்டு ஊரின் படமொன்றை வரைவித்ததுதான். புவியியல் பாட ஆசிரியை பொறுப்பேற்றார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியைப் பென்சிலால் கீறி, தனக்குப் பயமான இடத்தில் சிவப்பு வட்டம் போட வேண்டும். பெரியவர்கள் எதிர்பார்த்தபடி பிரதான வீதிக் கடவையில் வட்டங்கள் குவிந்தன. எதிர்பாராதது என்னவென்றால், அதற்கு ஈடாகப் பாடசாலை வாசலிலேயே வட்டங்கள் விழுந்திருந்தன. மூன்றாவதாக வந்தது நாய். வாவிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் குறிப்பிட்ட ஒரு வீட்டு நாய்க்காகவே சில பிள்ளைகள் ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். இது எந்தப் பெற்றோருக்கும் தெரிந்திருக்கவில்லை. (நாயின் சொந்தக்காரர் சங்கத்தின் உறுப்பினர். காலை 7 மணி முதல் 7.30 வரை நாயைக் கட்டி வைக்க அவர் அங்கேயே ஒப்புக்கொண்டார். இந்த முயற்சி முழுவதிலும் செலவின்றி, வாதமின்றி முடிந்த ஒரே காரியம் அதுதான்.)

வாசலைப் பிள்ளைகள் ஏன் பயமான இடமாகக் குறித்தார்கள் என்பதை அறிய, காலை 7.15க்கு அங்கே நின்று பார்த்தால் போதும். பிரதான வீதியிலிருந்து பாடசாலைக் கேற்றுக்கு வரும் ஒழுங்கை இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று விலத்திப் போகும் அகலந்தான். அதற்குள் தகப்பனுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகத் தலைக்கவசம் இல்லாத பிள்ளைகளோடு மோட்டார் சைக்கிள்களும், தாய்மாரின் ஸ்கூட்டிகளும், ஓட்டோக்களும் நுழைந்து, பிள்ளையை இறக்கி, அதே இடத்தில் திருப்பி, எதிரே வருபவற்றுக்கு நடுவால் வெளியேறுகின்றன. சைக்கிளில் வரும் பிள்ளை இறங்கி, வேலியோடு ஒட்டிக்கொண்டு தள்ளி வர வேண்டும். வாசல் நெரிசலுக்குப் பயந்து ஒரு தாய் தன் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டு வரும்போது நெரிசலில் ஒரு மோட்டார் சைக்கிள் கூடுகிறது. அதைப் பார்க்கும் அடுத்த தாயும் பிள்ளையின் சைக்கிளை நிறுத்திவிடுகிறாள். 2022இல் பெற்றோல் இல்லாததால் இந்தச் சுற்று தானாக அறுந்தது, 2023இல் தானாகவே திரும்பக் கூடியது.

விடும் நேரமான 1.30க்கு நிலைமை இன்னும் மோசம். காலையில் வாகனங்கள் முன்பின்னாக வருகின்றன. பகலில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து, கேற்றை நோக்கியபடி, இயந்திரத்தை நிறுத்தாமல் காத்து நிற்கும். மணி அடித்ததும் முதலில் வீட்டுக்குப் போவது மோட்டார் சைக்கிளில் ஏறும் பிள்ளை. சைக்கிள் பிள்ளை நெரிசல் கலையும் வரை உள்ளே நிற்க வேண்டும்.

சிறிய காரணங்கள் என்று தள்ள முடியாதவை

தரம் 8 மாணவியொருவர் சைக்கிளை விட்டதற்குச் சொன்ன காரணம் செயின் கவர். அக்காவின் பழைய லுமாலா சைக்கிளில் அது எப்போதோ கழன்று போய்விட்டது. வெள்ளைச் சட்டையின் ஓரம் செயினில் பட்டு, நாளுக்கொரு கறுத்த கோடு விழுந்தது. ஒரு தடவை துணி பல்லில் மாட்டிக் கிழிந்தும் போனது. "கறை போகுதில்ல சேர், அம்மா ஏசுறா" என்றார் அவர். மோட்டார் சைக்கிளில் ஏற்றி வர வீட்டில் ஆளில்லாததால், மாதக் காசு கொடுத்து ஓட்டோவில் வந்துகொண்டிருந்தார். அந்த ஒரு மாதக் காசில் செயின் கவரும், பின்சில்லில் சட்டை சிக்காமல் இருக்கப் போடும் வலையும் வாங்கியிருக்கலாம். இதே மாதிரி, உயரம் குறைந்த பிள்ளைக்கு அண்ணனின் பார் வைத்த சைக்கிள், பிடிக்காத பிரேக், மணல் ஒழுங்கையில் நெருஞ்சி முள் ஏறிய டியூப் என்று விசாரிக்க விசாரிக்க வந்துகொண்டே இருந்தன. பிள்ளைக்குச் சைக்கிள் மேல் விருப்பமில்லை என்று வீட்டில் சொல்லப்பட்ட இடங்கள் பலவற்றில் விருப்பமில்லாமற்போனது அந்தக் குறிப்பிட்ட சைக்கிள்மேல்தான்.

பெரிய வகுப்பு மாணவிகளின் பெற்றோருக்கு இன்னொரு கவலை: சந்தியில் நிற்கும் பொடியன்கள். இதை அவர்கள் பொதுக்கூட்டத்தில் சொல்லவில்லை. ஆசிரியைகளிடம் தனியாகச் சொன்னார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வரும்போது இந்தத் தொல்லை குறைகிறது என்று மாணவிகளே சொன்னதால், ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒன்றாகப் புறப்படும் ஏற்பாடு பின்னர் செய்யப்பட்டது.

வெயிலைப் பற்றிச் சொன்னேன். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது 1.30க்குச் சைக்கிள் ஓடுவது பெரியவர்களுக்கே கடினம். அது மேற்கிலிருந்து அனலாக வருவதால், வாவிப் பக்கம் போகும் பிள்ளைகள் அதற்கு எதிரே மிதிக்க வேண்டும். ஒழுங்கைகளுக்குக் கொங்கிரீட் போட்டபோது மணலில் சில்லு புதையும் தொல்லை தீர்ந்தது. அதே வேலையில் வேலியோரத்துப் பூவரசும் வேம்பும் பல இடங்களில் வெட்டப்பட்டு நிழல் போனது. கொங்கிரீட் போட்டவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் மரத்தை விட்டுவிட்டுப் போட்ட ஒழுங்கைகளும் அதே ஊரில் இருக்கின்றன.

செய்தவை

இவ்வளவும் தெரிந்த பின் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன் தந்தது எந்தச் செலவும் இல்லாதது. 1.30 மணி அடித்ததும் நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரரும் முதலில் வெளியேறுவார்கள்; வாகனத்தில் ஏற வேண்டிய பிள்ளைகள் பிரதான மண்டபத்தில் இருந்து 1.40க்கு விடப்படுவார்கள். அதுவரை வாகனங்கள் ஒழுங்கைக்குள் வரக் கூடாது. பிரதான வீதிக்கு அப்பால் கோயில் வளவின் ஓரமாக நிற்க வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாக மண்டபத்தில் நிற்பது யார் என்று ஆசிரியர்களிடையே முறுகல் ஏற்பட்டு, முறை வைத்துத் தீர்க்கப்பட்டது. பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து விடும் மூதாட்டியொருவர் எழுந்து, "வாசல்ல உட்டாத்தான் எனக்கு மனம் ஆறும் சேர்" என்றார். அதிபர், "அம்மா, உங்கட பேத்திய நான் கோயிலடியில இருந்து கையில புடிச்சுக் கூட்டி வாறன், ஒரு மாசம் பாருங்க" என்று சொல்லி, சொன்னபடி முதற்கிழமை முழுவதும் செய்தார். அதற்குப் பிறகு அந்த எதிர்ப்பு பெரிதாக எழவில்லை.

இதன் விளைவு ஒழுங்கில் மட்டும் தெரியவில்லை. வெயிலில் பத்து நிமிடம் காத்து நிற்க வேண்டியிருந்த தகப்பன்மார், தங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழன் மணி அடித்த கையோடு சைக்கிளில் வீடு போய்ச் சேர்வதைத் தினமும் பார்த்தார்கள். பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். யாருக்கும் அறிவுரை சொல்லப்படவில்லை, உடற்பயிற்சியின் நன்மை பற்றிப் பதாகை கட்டப்படவில்லை. முந்திப் போகும் சலுகை இடம் மாறியது, அவ்வளவுதான். இரண்டாம் தவணையின் நடுப்பகுதியில் சைக்கிள்கள் தரிப்பிடத்தில் கொள்ளாமல் கரப்பந்தாட்டத் திடலின் ஓரத்து வாகை மரம் வரை நின்றன.

பிரதான வீதிக் கடவை இவ்வளவு எளிதாக அமையவில்லை. போக்குவரத்துப் பொலிசார் சில கிழமைகள் வந்தார்கள். பின்னர் திருவிழாக் காலம் வந்ததும் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. பெற்றோர் இருவர் இருவராகச் சிவப்புக் கொடியோடு நிற்பது என்ற முறை, தொடங்கிய வேகத்திலேயே தளர்ந்தது. கடைசியில் நிலைத்தது, எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. விடியவே கடை திறக்கும் அவர் கொடியைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சேர்ந்ததும் இறங்கி நிற்கிறார். இது ஒரு மனிதரின் நல்ல மனத்தில் தங்கியிருக்கும் ஏற்பாடு; அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று கடவையில் ஆளில்லை.

சனிக்கிழமையொன்றில் ஊரின் சைக்கிள் திருத்துபவர் பாடசாலைக்கு வந்து, பழைய மாணவர் சங்கம் வாங்கிக் கொடுத்த செயின் கவர், பிரேக் கட்டை, டியூப் ஆகியவற்றைப் பூட்டிக் கொடுத்தார். தரம் 8 மாணவியின் லுமாலாவும் அதில் ஒன்று. பாடசாலையில் வைத்த காற்றடிக்கும் பம்ப் இரண்டு கிழமையில் காணாமற்போனது. இரண்டாவதைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டினோம்.

ஆரம்பப் பிரிவுக்கு, ஒழுங்கை வாரியாகப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரியவரோடு நடந்து வரச் செய்யும் முறை முயலப்பட்டது. 1990களில் அவுஸ்திரேலியாவில் முன்வைக்கப்பட்டுப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய முறை இது. பாடசாலைக்கான வழியையே பாதுகாப்பாக்கும் எண்ணம் அதற்கும் முன்னர், 1970களில் டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் செயலுருப் பெற்றது. எங்கள் ஊரில் இந்தச் சேர்ந்து நடக்கும் முறை வாவிப் பக்கத்தில் நன்றாக நடந்தது, ஏனெனில் அந்தப் பிள்ளைகள் பிரதான வீதியைக் கடப்பதில்லை. கடற்கரைப் பக்கத்தில் தட்டுத்தடுமாறியது. ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டு பக்கமும் நின்றது. 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்த பின், மாரி காலத்தில் பிள்ளையைத் தனியே அனுப்பு என்று எந்தத் தாயிடமும் சொல்லும் துணிவு யாருக்கும் இருக்கவில்லை, இருந்திருக்கவும் கூடாது. மழை விட்ட பிறகு வாவிப் பக்கத்துக் குழுக்கள் தாமாகவே திரும்பச் சேர்ந்தன.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு இது பொருந்துமா

பொருந்தாது என்பதே என் முடிவு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பயணம் இலகுவாகிவிட்டது என்றாலும், வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களின் உட்கிராமங்களில் தூரம் உண்மையான தூரம். விடியற்காலை யானை உண்மையான யானை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) சைக்கிளை ஏற்றி வரும் மாணவருக்கு நடப்பதன் நன்மையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தேவைப்படுவது சைக்கிளே. பீகார் மாநிலத்தில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தபோது, அவ்வயது மாணவிகளின் சேர்வு ஏறத்தாழ 30 வீதம் உயர்ந்தது என்றும், அந்த உயர்வு பாடசாலை தொலைவில் உள்ள ஊர்களிலேயே பெரும்பாலும் ஏற்பட்டது என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். படுவான்கரை மாணவிகளுக்கு அந்த அனுபவம் நேரடியாகப் பொருந்தும். எழுவான்கரையில் இலவசச் சைக்கிள் கொடுத்தால் அது வீட்டு மூலையில் இருக்கும் இன்னொரு சைக்கிளோடு சேர்ந்து நிற்கும்.

தீராதவை இரண்டு. ஒன்று, மஞ்சள் கோட்டுக் கடவையும் வேகத்தடையும் கேட்டு வீதிக்குப் பொறுப்பான அதிகார சபைக்கு அனுப்பிய கடிதம். நெடுஞ்சாலையில் வேகத்தடை போட இயலாது என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது, கடவை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மற்றது டியூஷன். தரம் 10, 11 மாணவர்களைத் தகப்பன்மார் மோட்டார் சைக்கிளில் ஏற்றுவது வீட்டுக்குக் கொண்டுபோக அல்ல. 2 மணிக்குத் தொடங்கும் வகுப்புக்குக் களுவாஞ்சிகுடியில் இறக்கத்தான், அதுவும் சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்து. பாடசாலையில் எந்த ஒழுங்கை மாற்றினாலும் இந்தப் பிள்ளைகளின் சைக்கிள் வீட்டில்தான் நிற்கும். வகுப்பை 2.30க்குத் தொடங்கினால் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுச் சைக்கிளிலேயே வரலாம் என்று சங்கம் நிலையங்களோடு பேசி வருகிறது. இரண்டு நிலையங்கள் அடுத்த தவணையிலிருந்து மாற்றச் சம்மதித்திருக்கின்றன. மூன்றாவது, வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கலாம் என்கிறது.